சவர்க்காரம் வாங்கும்போது உறையையும் வாசியுங்கள்

தை மாதக் குளிரில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் உதடும் குதிகாலும் வெடிக்கும். கடையில் கிடைத்த கிறீமை அப்படியே வாங்கிவிடுகிறோம். மாமிசம் சேர்க்காத வீடென்றால் ஒரு நிமிடம் உறையைத் திருப்பிப் பாருங்கள். சவர்க்காரத்தில் ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தால் அது மாட்டு, ஆட்டுக் கொழுப்பில் செய்தது. உதட்டுச்சாயத்தில் ‘கார்மைன்’ அல்லது ‘சிஐ 75470’ என்றால் கொச்சினீல் பூச்சிகளை உலர்த்தி அரைத்து எடுத்த சிவப்பு. இதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை; வெறும் நிறத்துக்காக அத்தனை உயிரா? கிறீமில் வரும் லனோலின் செம்மறி ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகு, அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. அது உங்கள் மனதைப் பொறுத்தது. கிளிசரின் தாவர எண்ணெயிலும் வரும், கொழுப்பிலும் வரும். பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கொழுந்து பறித்துக் காய்ந்த கைக்கு நாங்கள் இரவில் தடவுவது தேங்காய் எண்ணெய்தான்.