போஸ்ட்கிரெஸ் பேக்கப்: சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் குறியீட்டைச் சேமிக்க இடம் தரும் கிட்லேபில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா (நகல் சர்வர்) என்று நினைத்து, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடிய முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால், அதுவும் இல்லை. சர்வரில் போஸ்ட்கிரெஸ் பதிப்பு 9.6, ஸ்கிரிப்டில் ஓடிய பேக்கப் கருவியான பிஜி-டம்ப்பின் பதிப்பு 9.2. தன்னைவிடப் புதிய சர்வரை பிஜி-டம்ப் தொடாது, பிழை சொல்லி நின்றுவிடும். அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் டிமார்க் சோதனையில் (அனுப்புநர் உண்மையானவரா என்று பார்ப்பது) நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் (வட்டின் அந்த நேரத்து நகல்) மீண்டார்கள்.

இதே பிழை, டம்ப்பின் வெளியீட்டைச் சுருக்கும் கருவியான ஜிசிப்புக்கு நேரே அனுப்பும் (பைப் செய்யும்) ஸ்கிரிப்டில் வந்தால் இன்னும் மோசம். டம்ப் தோற்றாலும் ஜிசிப் வெற்றி பெறும். வெளியேறும் குறியீடு பூஜ்யம், அதாவது ‘வெற்றி’. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானுக்கு எல்லாம் சுகம். டைரக்டரியில் தேதி போட்ட கோப்பும் இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் 20 பைட்டில்! ஸ்கிரிப்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும். அல்லது பிஜி-டம்ப்பின் கஸ்டம் வடிவத்தில் எடுங்கள், அது தானே சுருக்கிக்கொள்ளும், பைப்பே வேண்டாம். கோப்பின் அளவை நேற்றையதோடு ஒப்பிட்டு, பாதிக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

பிஜி-டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். யூசர்களும் ரோல்களும் அதில் வராது. புது சர்வரில் ஏற்றும்போது ‘ரோல் இல்லை’ என்று வரிசையாகப் பிழை கொட்டும். அதன் துணைக் கருவியான பிஜி-டம்ப்ஆலை, யூசர், ரோல் போன்ற பொதுவானவற்றை மட்டும் எடுக்கும் ‘குளோபல்ஸ்-ஒன்லி’ தேர்வோடு தனியாக ஓட்டி, அந்தக் கோப்பை முதலில் ஏற்ற வேண்டும்.

எஸ்கியூஎல் கோப்பை போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல் வழியாக ஏற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. நடுவில் பிழை வந்தாலும் அது அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் பூஜ்யத்தையே திருப்பும். ‘ஆன்_எரர்_ஸ்டாப்’ மாறியை 1 என்று வைத்தால்தான் நிற்கும்.

ரெப்ளிகா இருக்கிறதே என்பார்கள். ‘வேர்’ நிபந்தனை இல்லாமல் டேபிள் முழுவதையும் அழிக்கும் ஒரு டெலீட் அங்கேயும் நொடியில் போய்ச் சேரும். ஓடும் சர்வரின் டைரக்டரியை அப்படியே காப்பி எடுப்பதும் உதவாது. ஓடும்போதே சீரான நகல் எடுக்க பிஜி-பேஸ்பேக்கப் என்ற கருவி இருக்கிறது.

மாதம் ஒருமுறை பேக்கப்பைக் காலி சர்வரில் ஏற்றிப் பாருங்கள். நாலு கோர் இருந்தால் கஸ்டம் வடிவக் கோப்பை ஏற்றும் பிஜி-ரீஸ்டோருக்கு ‘ஜே 4’ கொடுக்கலாம், நாலு வேலை ஒரே நேரத்தில் ஓடும். முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையைச் சரிபாருங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள். முடிந்ததும், டேபிள்களின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் ‘அனலைஸ்’ ஓட்டுங்கள். இல்லையென்றால் முதல் நாள் க்வெரிகள் ஊர்ந்து போகும், பழி பேக்கப் மேல் விழும்.