பழைய மடிக்கணினிக்கு டொக்கிங் ஸ்டேஷன் பொருத்தும் முறை

உயர்தரம் கற்கும் பிள்ளைக்காக ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கியவர்கள், திரை சிறிதாக இருக்கிறது, யூஎஸ்பி துளைகள் போதவில்லை என்று வேறொன்றைத் தேடுவதற்கு முன்னர், அதன் அடிப்பாகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டையொட்டி அலுவலகங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட டெல் லெட்டிடியூட் ஈ, லெனோவோ திங்க்பேட் டி போன்ற வரிசைகளில், நீளமான இணைப்பான் ஒன்று அங்கே இருக்கும். அதன்மீது பொருந்தும் டொக்கிங் ஸ்டேஷன், பெரிய திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி, இணைய வடம் அனைத்தையும் ஒரே அழுத்தத்தில் இணைத்துவிடும்.

நிறுவனப் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. திங்க்பேட் டி420, டி430 இரண்டிற்கும் பொருந்தும் டொக், 2013இல் வெளிவந்த டி440இற்குப் பொருந்தாது. ஆகவே, கடைக்கு மடிக்கணினியையும் கொண்டு சென்று, பொருத்திப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். பழைய டொக்குகள் பெரும்பாலும் அடெப்டர் இல்லாமலே விற்கப்படுகின்றன. டி430இற்கு 20 வோல்ட், லெட்டிடியூட் ஈ6430இற்கு 19.5 வோல்ட் என்றவாறு வோல்ட் அளவும் முனையும் சரியாக ஒத்திருக்க வேண்டும். வாட் அளவு கூடினால் தீங்கில்லை, குறையக் கூடாது.

இன்டெல் செயலியின் உள்ளமைந்த கிராபிக்ஸை (திரைக்குப் படம் தரும் பகுதியை) மட்டும் கொண்ட கணினியாயின், 2011இன் இரண்டாம் தலைமுறைச் செயலி ஒரே நேரத்தில் இரண்டு திரைகளையே இயக்கும். டொக்கில் இரண்டு திரைகளை இணைக்க விரும்பினால், கணினியின் சொந்தத் திரையை அணைத்துவிட வேண்டும். 2012இன் மூன்றாம் தலைமுறையில் மூன்று திரைகள் வரை இயலும் என்றாலும், டொக்கில் திரை வடத்தைச் செருகும் வெளியீடுகளின் வகையையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

அடியில் இணைப்பான் இல்லாத கணினிக்கு, யூஎஸ்பி துளை வழியாகவே திரைக்குப் படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டொக் உண்டு. அதற்குரிய மென்பொருளை முதலில் நிறுவ வேண்டும். யூஎஸ்பி 2.0 துளையின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே என்பதால், பாடக்குறிப்பு எழுதத் தாராளமாகப் போதுமானாலும், காணொளி தடங்கித் தடங்கி ஓடும்.

மலையகத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஈரப்பதத்தையும் மின்னலையும் பற்றியே. பனிமூட்டம் புகும் சன்னலோரத்தில் டொக்கை வைக்காதீர்கள். இணைப்பானில் அழுக்குப் படிந்தால், மின்சாரத்தைத் துண்டித்தபின் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே பொருத்துங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழைக்கு முன்னர் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது: டொக்குடன் தொடர்புள்ள எல்லாமே ஒரே வழியில் பாதிக்கப்படக்கூடும் என்பதால், அடெப்டர், திரை, அச்சுப்பொறி ஆகியவற்றின் பிளக்குகளையும் இணைய வடத்தையும் கழற்றி வையுங்கள்.