மைக்ரோவேவ் ஈரத்தை அளப்பதில்லை: சிதைக்காச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்கிரீட் சுவரில் எவ்வளவு ஈரம், மூட்டை நெல்லில் எவ்வளவு, ஃபைபர் கிளாஸ் தகட்டுக்குள் பிளவு உண்டா என்பதையெல்லாம் உடைக்காமல், துளையிடாமல் மைக்ரோவேவ் கொண்டு பார்க்கலாம். ஆனால் திரையில் '12 சதவீதம் ஈரம்' என்று வந்ததும் நம்பிவிடுகிறோமே, அதுதான் முதல் தவறு. கருவிக்கு ஈரம் தெரியாது. அனுப்பிய அலை எவ்வளவு வலுவிழந்தது, அதன் கட்டம் (ஏறி இறங்கும் சுழற்சியில் அலை நிற்கும் இடம்) எவ்வளவு பிந்தியது, இவ்வளவுதான் தெரியும். அதை வைத்துப் பொருளின் ஒப்பு விடுதிறனை (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்ற எண்) கணக்கிட்டு, பிறகு ஈரத்தை ஊகிக்கிறது. காய்ந்த கான்கிரீட்டுக்கு அந்த எண் சுமார் 5, தண்ணீருக்குச் சுமார் 80. வித்தையெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான்.

வெப்பநிலையைக் குறிக்காமல் அளப்பவர்கள் ஏராளம். 1 கிகாஹெர்ட்ஸ் அருகில், 20 டிகிரியில் 80ஆக இருக்கும் தண்ணீரின் விடுதிறன் 40 டிகிரியில் 73 ஆகிவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் கதையே வேறு. அங்கே சூடேறினால் தண்ணீர் அலையை விழுங்குவது குறையும். ஓர் அதிர்வெண்ணுக்குப் போட்ட திருத்தத்தை இன்னொன்றுக்குத் தூக்கிப்போடக் கூடாது. தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டாலோ எண் 3 அருகில் வந்துவிடும். உறைந்த சரக்கைச் சோதித்தால், ஈரம் இருந்தும் 'காய்ந்தது' என்றே காட்டும்.

நெல்லைத் தளர்வாகக் கொட்டி அளப்பதற்கும் குலுக்கி இறுக்கி அளப்பதற்கும் ஈரம் ஒன்றுதான், கருவி காட்டும் எண் வேறு. வலுவிழப்பும் கட்ட மாற்றமும் அடர்த்தியோடு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஏறுவதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தால் அடர்த்தியின் தொல்லை பெரும்பாலும் கழன்றுவிடும். ஒன்றை மட்டும் படிக்கும் மலிவான கருவியில் இதற்கு வழியில்லை.

என்னைக் கேட்டால், ஆய்வகத்தில் அதிகம் ஏமாற்றுவது காற்று இடைவெளிதான். எக்ஸ் பேண்டுக்கான (10 கிகாஹெர்ட்ஸ் அடங்கிய அலைவரிசை) வேவ்கைடின், அதாவது அலையைக் கொண்டுசெல்லும் செவ்வக உலோகக் குழாயின், உள்ளளவு 22.86 × 10.16 மில்லிமீட்டர். மாதிரியை வெட்டி உள்ளே தள்ளும்போது மேலே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும்? உயரத்தில் அது ஒரு சதவீதம்தான். ஆனால் விடுதிறன் 10 உள்ள பொருள் 9.2 போலத் தெரியும். 80 உள்ளதாக இருந்தால் 45 அளவுக்குச் சரிந்துவிடும். மெல்லிய காற்றுப் படலம் மாதிரியோடு தொடரிணைப்பில் உள்ள மின்தேக்கியாக நின்று, மின்னழுத்தத்தில் தன் தடிமனுக்கு மிஞ்சிய பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதே இடைவெளி குறுகிய பக்கச் சுவர்களை ஒட்டி இருந்தால் பாதிப்பு சொற்பம். அங்கே மின்புலம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வெட்டும்போது அகலச் சுவரைத் தொடும் முகங்களில் கவனம் வேண்டும். கோஆக்சியல் முனையை (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உலோக உறையும் கொண்ட கேபிளின் திறந்த முனை) மேற்பரப்பில் வைத்து அளப்பவர்களுக்கும் இதே பாடம்தான். சொரசொரப்பான பரப்பை முதலில் தேய்த்துச் சமமாக்குங்கள்.

தடிமனான பொருளில் இன்னொரு பொறி இருக்கிறது. 10 கிகாஹெர்ட்ஸில் காற்றில் 3 செ.மீ. உள்ள அலைநீளம், காய்ந்த கான்கிரீட்டுக்குள் சுமார் 1.3 செ.மீ. பத்து செ.மீ. சுவரைக் கடப்பதற்குள் கட்டம் ஏழு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். கருவி காட்டுவதோ கடைசிச் சுற்றின் மிச்சத்தை மட்டும். மணி முள் இல்லாத கடிகாரம்! பல அதிர்வெண்களில் அளந்து கட்டம் மாறும் வேகத்தைப் பாருங்கள், அல்லது 1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள். அங்கே அதே சுவர் ஒரு அலைநீளத்துக்கும் குறைவு.

உலோகத்துக்குள் இருக்கும் குறையை மைக்ரோவேவில் தேடுவது வீண்வேலை. 10 கிகாஹெர்ட்ஸில் அலை செம்புக்குள் நுழைவது 0.7 மைக்ரோமீட்டர்கூட இல்லை. மேற்பரப்பு விரிசலுக்கு மட்டும் உதவும். கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்துவதால் ஏறக்குறைய இதே கதிதான்.

கடைசியாக, கருவியையும் முனையையும் இணைக்கும் கேபிள். காலிபரேஷன் (தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்வது) முடிந்தபின் அதை வளைத்தாலே கட்டம் நகர்ந்துவிடும். முனையைப் பொருளிடம் கொண்டுபோகாமல், பொருளை முனையிடம் கொண்டுவாருங்கள்.