நின்ற காரில் கரண்ட் களவு: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுத்தி வைத்த காரின் பேட்டரி தானாக வடிந்தால், கரண்ட் எங்கே போகிறது என்று தேட வேண்டும். அம்பத்தூரில் உள்ள எங்கள் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பையன்கள், அந்தத் தேடலில் நான் அந்த வயதில் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். விளக்கை அணைக்க மறப்பது, கதவைச் சரியாகச் சாத்தாமல் போவது போன்றவற்றை வண்டிக்காரரே கண்டுகொள்வார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பேட்டரியைச் சோதிக்காமல் தேடத் தொடங்குதல்

முழு சார்ஜில் சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12 வோல்ட் என்றால் கால்வாசிதான் மிச்சம். முழுதும் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் குற்றவாளி பேட்டரிதான். சென்னை வெயிலில் அது முன்கூட்டியே தளர்ந்துபோவது புதிதல்ல.

மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்புதல்

கரண்டை அளக்கப் பேட்டரிக்கும் அதன் கேபிளுக்கும் இடையே இணைத்த மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் போகும், புதியது வாங்க மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு நடையும் ஆகும்.

வண்டி உறங்கும் முன் அளத்தல்

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். இக்காலக் கார்களில் எஞ்சினை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகும் உள்ளிருக்கும் கணினிப் பெட்டிகள் சிறிது நேரம் விழித்திருக்கும். அவை ஒவ்வொன்றாக உறங்கி முடிக்க, வண்டியைப் பொறுத்து, சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை மீட்டர் ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று காட்டினாலும் அது கோளாறு அல்ல. உறங்கிய பின் காட்டுவதே கணக்கு. பெரும்பாலான கார்களில் அது 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

நங்கநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மூன்று நாள் நிறுத்தினால் நான்காம் நாள் வண்டி கிளம்புவதில்லை என்று வந்தார். மீட்டரை இணைத்தவுடன் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. நான் காத்திருக்கவில்லை, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனேன். மியூசிக் செட்டின் ஃபியூஸைப் பிடுங்கிய கணத்தில் எண் அரை ஆம்பியருக்குக் கீழே சரிந்தது. அந்த நேரத்தில்தான் வண்டி தானாக உறங்கியிருக்கிறது என்பதை உணராமல், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகச் செட்டின் மேல் பழியைப் போட்டு, 14,000 ரூபாய்க்குப் புதியது வாங்க வைத்தேன். ஐந்தாம் நாள் வண்டி மறுபடியும் கிளம்பவில்லை. "தம்பி, பழசு நல்லாத்தானே பாடிச்சு" என்று மட்டும் சொன்னார்.

உண்மையில் எரிந்துகொண்டிருந்தது டேஷ்போர்டு அறைக்குள் இருந்த 5 வாட் பல்பு. காகிதங்களை அடைத்து வைத்திருந்ததால் மூடி முழுதாக அமரவில்லை. அதன் சுவிட்சும் அழுந்தவில்லை. 0.4 ஆம்பியர் என்பது கேட்பதற்குச் சொற்பம்தான், ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி ஆகிறது. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி அதற்கு எத்தனை நாள் தாங்கும்? எண் இறங்கிய மகிழ்ச்சியில், அது ஏன் 0.05 ஆம்பியருக்கு இறங்கவில்லை என்று நான் கேட்காததுதான் பிழை. செட்டின் விலையை இரண்டு தவணைகளில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே, முதலில் பானெட்டைத் திறந்து வையுங்கள். ஃபியூஸ் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவையும் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, மூடியிருப்பதாக வண்டியை நம்ப வையுங்கள். ரிமோட் சாவி பக்கத்தில் இருந்தால் சில வண்டிகள் உறங்கா. அதைப் பத்தடிக்கு அப்பால், முடிந்தால் இன்னும் தள்ளி, வைத்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைக் கேபிளிலும் மறுமுனையை நெகட்டிவ் முனையிலும் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே கேபிளை மெல்லக் கழற்ற வேண்டும். இடையில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் எல்லாப் பெட்டிகளும் மீண்டும் விழித்துக்கொள்ளும், ஒட்டிக்கொண்டிருந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விடுபட்டுக் கோளாறே மறைந்தும் போகலாம். பிறகு தேநீர் குடிக்கப் போங்கள்.

ஃபியூஸைப் பிடுங்கித் தேடுதல்

பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பச் செருகினால் உறங்கிய பெட்டி விழிக்கும், காத்திருப்பு மறுபடி தொடங்கும். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் அளந்தாலே போதும்: பூஜ்யம் காட்டாத ஃபியூஸ் வழியாகத்தான் கரண்ட் ஓடுகிறது.

பின்னால் பொருத்தியவற்றை மறத்தல்

டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, எப்போதும் கரண்ட் வரும் மஞ்சள் ஒயரோடு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டிய சிவப்பு ஒயரும் சேர்த்து முறுக்கப்பட்ட மியூசிக் செட். முதலில் இவற்றைப் பாருங்கள்.

ஃபியூஸ் பெட்டியோடு நின்றுவிடுதல்

எல்லாச் சிறு ஃபியூஸ்களும் பூஜ்யம் காட்டியும் கரண்ட் போனால், வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைத் தொடர்ந்து போங்கள். கரண்டை ஒரே திசையில் விடும் அதன் டையோடு பழுதானால் பேட்டரி அவ்வழியே வடியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ நீரில் நின்ற வண்டியாக இருந்தால், தரைவிரிப்பைத் தூக்கி அடியில் உள்ள கனெக்டர்களையும் பார்க்க வேண்டும். பச்சை பூத்த முனைகள் ஈரநாளில் கசிந்து, வெயிலில் காய்ந்ததும் ஒன்றும் அறியாதவை போல் இருந்துவிடும் என்பதால், இத்தகைய வண்டியை நான் மழை பெய்த மறுநாள் காலையில் கொண்டுவரச் சொல்கிறேன்.