அவுட்டோர் பிடிஇசட் கேமரா வாங்கப் போறீங்களா? எக்ஸ் நம்பரைப் பாத்து மயங்கிடாதீங்க

தோப்பு, மில்லு, குடோன், உப்பளம்னு பெரிய இடம் வச்சிருக்கவங்க கேமரா போடணும்னு வந்தா மொதல்ல கேக்குறது ஒண்ணேதான், "நல்ல பிடிஇசட்டா ஒண்ணு போட்டா மொத்த எடமும் கவர் ஆயிடுமா?" பிடிஇசட்ங்கறது பக்கவாட்டுலயும் மேல கீழயும் திரும்பி, ஜூமும் பண்ற கேமரா. அது ஒண்ணால ஆகாதுங்க. இதைப் புரிஞ்சுக்காம வாங்கினா அரை லட்சமோ ஒரு லட்சமோ செலவு பண்ணிட்டு, திருட்டு நடந்த அன்னைக்கு ரெக்கார்டிங்ல ஒண்ணுமே இல்லாம உக்காந்திருப்பீங்க, அதனால மாடல் பேச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இதை முழுசா சொல்லிடறேன்.

பிடிஇசட் ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் பாக்கும். கையில டார்ச் லைட் வச்சிருக்கற மாதிரிதான், அடிக்கிற பக்கம் பளிச்சுன்னு தெரியும், மத்த பக்கம் இருட்டு. சரி, பேட்ரோல் போட்டு சுத்த விட்டுட்டா போச்சுன்னு நெனைப்பீங்க. ஆறு பிரீசெட் (கேமரா திரும்பிப் பாக்கறதுக்கு முன்னாடியே குறிச்சு வைக்கற எடம்) வச்சு ஒவ்வொண்ணுலயும் 20 செகண்ட் நிக்கற மாதிரி செட் பண்ணா ஒரு ரவுண்டுக்கு 2 நிமிஷம், அதுல ஒவ்வொரு எடமும் 1 நிமிஷம் 40 செகண்ட் கேமரா கண்ணுல படாது. வேலி தாண்டி வந்து ஒரு கொப்பரை மூட்டையைத் தூக்கிட்டுப் போறதுக்கு அது தாராளமா போதும். அதனால கேட்டு, களம், மோட்டார் ரூம் இந்த மூணுக்கும் மொதல்ல சாதாரண ஃபிக்ஸட் புல்லட் கேமரா போட்டுருங்க, அது 24 மணி நேரமும் அசையாம ரெக்கார்டு பண்ணும், அதுக்கப்புறம் மிச்சம் இருக்கற பட்ஜெட்லதான் பிடிஇசட். ஃபிக்ஸட் கேமரா "ஆள் வந்திருக்கான்"னு சொல்லும், பிடிஇசட் "யாரு வந்திருக்கான்"னு காட்டும், ரெண்டும் வேற வேற வேலை. ரெண்டையும் ஒரே பாடியில வச்சு வர்ற மாடலும் இருக்கு, மேல அகலமா பாக்கற லென்ஸ் அசையாம நிக்கும், கீழ இருக்கற பிடிஇசட் மட்டும் திரும்பும், ஹிக்விஷன்ல டேண்டம்வியூன்னு தேடிப் பாருங்க. ஒரே கம்பம்தான் இருக்கு, ஒரே கேபிள்தான் இழுக்க முடியும்னா என்னோட சாய்ஸ் அதுதான்.

இப்ப எக்ஸ் நம்பருக்கு வருவோம். 25எக்ஸ், 32எக்ஸ், 45எக்ஸ்னு பெட்டி மேல பெருசா போட்டிருப்பாங்க, அது லென்ஸோட கடைசி ஃபோக்கல் லென்த்தை (லென்ஸ் எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டும்ங்கற எம்எம் அளவு) ஆரம்ப ஃபோக்கல் லென்த்தால வகுத்த கணக்கு, அவ்வளவுதான், எவ்வளவு தூரம் தெரியும்னு அது மட்டும் சொல்லாது. நீங்க பாக்க வேண்டியது எம்எம் அளவும் சென்சார் (லென்ஸுக்குப் பின்னாடி படத்தைப் பிடிக்கற சிப்) சைஸும். கணக்கு ரொம்ப ஈஸி, தூரத்தை சென்சார் அகலத்தால பெருக்கி ஃபோக்கல் லென்த்தால வகுத்தா அந்த தூரத்துல படம் எத்தனை மீட்டர் அகலத்தைப் பிடிக்கும்னு வந்துடும், 4 மெகாபிக்சல் கேமராவுக்கு படத்தோட அகலமான 2560 பிக்சலை அந்த அகலத்தால வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல்னு கிடைக்கும். ஐஇசி 62676-4ன்னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்ட் இருக்கு, அதோட 2014 பதிப்புப்படி ஒரு மீட்டருக்கு 25 பிக்சல் இருந்தா ஏதோ ஒரு உருவம் நடமாடுதுன்னு தெரியும், 125 இருந்தா தெரிஞ்ச ஆளை அடையாளம் கண்டுக்கலாம், 250 இருந்தா தெரியாத ஆளோட மூஞ்சியைக்கூட பிடிச்சுடலாம்.

மார்க்கெட்ல நெறைய ஓடுற 25எக்ஸ் மாடலை எடுத்துக்கங்க, 4.8ல இருந்து 120 எம்எம், சென்சார் 1/2.8 இன்ச், அதோட அகலம் சுமாரா 5 எம்எம். முழுசா ஜூம் பண்ணா 100 மீட்டர்ல படம் நாலு மீட்டர் சொச்சம் அகலம்தான் பிடிக்கும், மீட்டருக்கு 600 பிக்சல், ஆளோட மூஞ்சி சட்டை பட்டன் வரைக்கும் தெரியும். அதே கேமரா ஜூம் பண்ணாம அகலமா நிக்கும்போது அதே 100 மீட்டர்ல மீட்டருக்கு 25 பிக்சல்கூட தேறாது. ரெக்கார்டு ஆனதுக்கப்புறம் அதைப் பெருசு பண்ணிப் பாத்தா வெறும் கட்டம் கட்டமா தெரியுமே தவிர ஆளு தெரிய மாட்டான். அந்த நேரத்துல யாராவது ஜூம் பண்ணியிருக்கணும், இல்ல கேமரா தானா பண்ணியிருக்கணும், விட்டா போச்சு.

இன்னொரு விஷயம், 32எக்ஸ்னு விலை ஜாஸ்தியா வர்ற மாடல் ஒண்ணு 5.9ல இருந்து 188.8 எம்எம், சென்சார் 1/1.8 இன்ச், அகலம் 7 எம்எம் சொச்சம். மேல சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்க, 300 மீட்டர்ல 25எக்ஸ்க்கு மீட்டருக்கு 200 பிக்சல் சுமாரா வருது, 32எக்ஸ்க்கு 220 சொச்சம், பெரிய வித்தியாசமே இல்ல! அப்ப கூடக் குடுக்கற காசு எதுக்குன்னா சென்சாரோட பரப்பளவு கிட்டத்தட்ட டபுள், ராத்திரி வெளிச்சம் அதிகமா வாங்கும், படம் புள்ளி புள்ளியா இல்லாம சுத்தமா இருக்கும். உங்க எடத்துல ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் ஓரளவு விழுதுன்னா 25எக்ஸே போதும், கும்மிருட்டுன்னா யோசிக்காம பெரிய சென்சாருக்குப் போங்க. 8 மெகாபிக்சல் வேணும்னு சிலர் ஆசைப்படுவாங்க, சின்ன சென்சார்லயே 8 மெகாபிக்சலை அடைச்சிருந்தா ராத்திரி படம் கெட்டுப் போகும், பெரிய சென்சார்ல வந்தா மட்டும் வாங்குங்க.

ஸ்பெக் ஷீட்ல 0.005 லக்ஸ்ன்னு (எவ்வளவு குறைஞ்ச வெளிச்சத்துல படம் தெரியும்ங்கற அளவு) போட்டிருக்கறதை அப்படியே நம்பாதீங்க, ஷட்டரை ரொம்ப மெதுவா வச்சு அளந்த நம்பரா இருக்கலாம், அந்த செட்டிங்ல நிக்கற மரம் அழகா தெரியும் ஓடுற ஆளு கோடு மாதிரி தெரிவான். ஐஆர் (ராத்திரி கேமரா அடிக்கற, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம்) தூரத்தையும் ஜூம் தூரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஜூம் 300 மீட்டர் போகும் ஆனா ஐஆர் 100 மீட்டர்னா ராத்திரி உங்க கேமரா 100 மீட்டர் கேமராதான், அந்த 100லயும் நான் 60, 70 மீட்டர்தான் நம்புவேன். ஐஆர்ல படம் கருப்பு வெள்ளையாத்தான் வரும், சட்டை என்ன கலர்னு போலீஸ்ல கேட்டா சொல்ல முடியாது, கலர் வேணும்னா வெளிச்சம் போட்டாகணும். களத்து மேட்டுல ஒரு எல்இடி ஃப்ளட் லைட் போடறது கேமராவை அப்கிரேட் பண்றதை விட மலிவு, நிறைய எடத்துல அதுவே போதும். ஆக்சிஸ் க்யூ6215 மாதிரி 400 மீட்டர் ஐஆர் இருக்கற மாடலும் இருக்கு, லேசர் வெளிச்சம் அடிக்கற மாடலும் இருக்கு, அதெல்லாம் உண்மையிலேயே அவ்வளவு திறந்த வெளி இருந்தாத்தான். பகல்லகூட உச்சி வெயில்ல 300 மீட்டருக்கு ஜூம் பண்ணா கானல் நெளியும், அதுக்கு எந்த பிராண்ட்லயும் மருந்து இல்ல.

தோப்புக்காரங்களுக்கு ஒண்ணு, தென்னை மரம் வரிசையா நிக்கற எடத்துல எவ்வளவு ஜூம் இருந்தும் அடிமரம் மறைச்சுக்கும், நடு தோப்புல பிடிஇசட் வேஸ்ட். களம், பாதை, கேணி மேடுன்னு திறந்த பார்வை கிடைக்கற எடத்துலதான் அதுக்கு வேலை. எதை வாங்கறதுக்கு முன்னாடியும் கேமரா வைக்கப் போற உயரத்துல ஏறி நின்னு கண்ணால பாருங்க, உங்க கண்ணுக்கு மறையறது கேமராவுக்கும் மறையும்.

ஆட்டோ டிராக்கிங்தான் இப்ப எல்லாரும் விக்கிற விஷயம். ஆளு, வண்டின்னு பிரிச்சுப் பாக்கற ஏஐ வந்ததுக்கப்புறம் இது நெஜமாவே நல்லா ஆயிருக்கு, முன்னாடியெல்லாம் மட்டை ஆடுற நிழலுக்கே திரும்பும். ஆனாலும் ரெண்டு பேரு வந்து ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சா ஒருத்தன் பின்னாடிதான் போகும், சிலது குழம்பிப்போய் நடுவுல நின்னுடும். டெமோ கேக்கும்போது இதைத்தான் டெஸ்ட் பண்ணணும், ராத்திரி 8 மணிக்கு மேல ரெண்டு ஆளை உள்ள விட்டு ஒருத்தரை இடப்பக்கமும் ஒருத்தரை வலப்பக்கமும் நடக்கச் சொல்லுங்க, ஒருத்தரை மரத்துக்குப் பின்னாடி போய் கொஞ்சம் நின்னுட்டு வெளிய வரச் சொல்லுங்க, கேமரா திரும்பப் பிடிக்குதான்னு பாருங்க. டிராக் முடிஞ்சதும் கேமரா தானா ஹோம் பொசிஷனுக்குத் திரும்பணும், பார்க் ஆக்‌ஷன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை 30 செகண்டுக்குள்ள வச்சுருங்க, இல்லேன்னா யாராவது ஃபோன்ல திருப்பிப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயி கேமரா விடிய விடிய வானத்தைப் பாத்துட்டிருக்கும்.

மாட்டற எடத்துக்கு வர்றேன், இதுலதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. 120 எம்எம்ல கேமரா பாக்கற மொத்த அகலமே சுமார் 2.5 டிகிரி, கம்பம் ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்கு ஆடினாலே படம் 100 பிக்சல் குதிக்கும். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடிக் காத்து அடிக்கும்போது ஒல்லியான ஜிஐ பைப்ல மாட்டின பிடிஇசட்ல ஜூம் பண்ணிப் பாத்தீங்கன்னா தலை சுத்தும், இமேஜ் ஸ்டெபிலைசேஷன் கொஞ்சம்தான் காப்பாத்தும். முடிஞ்சா கட்டடத்தோட கான்கிரீட் தூண்ல மாட்டுங்க, கம்பம்தான் வழின்னா தடிமனான பைப்பும் நல்ல கான்கிரீட் அடித்தளமும் போடுங்க. உயரம் 5, 6 மீட்டர் போதும், 10 மீட்டர்ல ஏத்தினா பக்கத்துல வர்ற ஆளோட உச்சந்தலைதான் தெரியும்.

தூத்துக்குடி, வேதாரண்யம் மாதிரி உப்புக் காத்து எடம்னா கதையே வேற. ஐபி66, ஐபி67ங்கறது தண்ணி, தூசிக்கு, ஐகே10ங்கறது அடி தாங்கறதுக்கு, ரெண்டுமே துரு பத்தி ஒண்ணும் சொல்லாது. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி இல்லேன்னா துருவைத் தாங்கற கோட்டிங்னு எழுத்துல இருக்கற மாடலாப் பாருங்க. பாடி நல்லா இருந்தும் மொதல்ல போறது ஸ்க்ரூவும் ஆர்ஜே45 கனெக்டரும்தான் (நெட்வொர்க் கேபிளோட முனை), கனெக்டரை வாட்டர்ப்ரூஃப் கிளாண்டுக்குள்ள போட்டு, அதையும் பெட்டிக்குள்ள வச்சு, கேபிளைக் கொஞ்சம் கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, அப்பத்தான் மழைத்தண்ணி உள்ள போகாம கீழேயே சொட்டிடும்.

பவர் விஷயம். பகல் முழுக்க நல்லா ஓடும், இருட்டி ஐஆர் எரிஞ்சதும் கேமரா ரீபூட் ஆகும், திரும்ப ஆன் ஆகும், திரும்ப ரீபூட். கேமரா பீஸ் போச்சுன்னு வாரண்டிக்கு அனுப்பிடாதீங்க, பெரும்பாலும் பவர் பத்தல. சாதாரண பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்டும் குடுக்கறது) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்ஸ், பிஓஇ பிளஸ் 30 வாட்ஸ், பெரிய பிடிஇசட்டுக்கு 60 வாட்ஸ்கூட கேக்கும், ஸ்பெக்ல அதிகபட்ச வாட்ஸ் பாத்து அதுக்கு மேல சுவிட்ச் வாங்குங்க. கேபிள் சுத்தமான காப்பர் கேட்6ஆ இருக்கணும், அலுமினியத்து மேல காப்பர் பூசினது மலிவா கிடைக்கும், அதுல 80 மீட்டர் போனா வோல்டேஜ் விழும். 100 மீட்டருக்கு மேல ஃபைபர்தான், அதுல இன்னொரு லாபம், இடி விழுந்தா கேபிள் வழியா என்விஆர் (ரெக்கார்டு பண்ற பெட்டி) வரைக்கும் வந்து எல்லாத்தையும் காலி பண்ணாது. கம்பத்துக்குத் தனி எர்த் குழி, கேபிளோட ரெண்டு முனையிலயும் சர்ஜ் புரொடக்டர், இது ரெண்டையும் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, காசு குறைக்கணும்னு வரும்போது மொதல்ல இதைத்தான் தூக்குவாங்க.

ஹார்ட் டிஸ்க் கணக்கு, ஒரு கேமரா 6 எம்பிபிஎஸ் வேகத்துல ரெக்கார்டு பண்ணா ஒரு நாளைக்கு 65 ஜிபி, 30 நாளைக்கு 2 டிபி கிட்ட வரும். வேற பிராண்ட் என்விஆர் இருந்தா ஆன்விஃப் (வேற வேற பிராண்ட் ஒண்ணோட ஒண்ணு பேசற பொது முறை) வழியா படமும் திருப்புறதும் வேலை செய்யும், ஆனா ஆட்டோ டிராக்கிங் அலர்ட் எல்லாம் வராம போகலாம், ஒரே பிராண்டா வாங்கினா நிம்மதி.

மத்திய அரசு 2024 ஏப்ரல்ல அறிவிச்ச விதிப்படி 2025 ஏப்ரல் 9ல இருந்து சிசிடிவி கேமராவுக்கு எஸ்டிக்யூசி (மத்திய அரசோட தர சோதனை அமைப்பு) பாதுகாப்பு சோதனை கட்டாயம், அதனால நீங்க வாங்கற அதே மாடல் நம்பருக்கு சான்று இருக்கான்னு கடையில கேளுங்க, பிராண்டுக்கு இருக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. இது வெறும் காகிதம் இல்லீங்க, 2021ல ஹிக்விஷனோட நிறைய மாடல்கள்ல பாஸ்வேர்டே இல்லாம வெளி ஆளு உள்ள நுழையற ஓட்டை இருக்கறது வெளிய வந்துச்சு, கம்பெனி புது ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) விட்டாங்க, ஆனா அதைப் போடாத கேமராவுக்கு அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஆக்சிஸ், பாஷ் மாதிரி பிராண்டுக்கு லட்சத்துக்கு மேல குடுக்கறதுல ஒரு பெரிய பங்கு இதுக்குத்தான், ஃபர்ம்வேர் அப்டேட் வருஷக்கணக்கா வரும், ஆக்சிஸ்ல 5 வருஷ வாரண்டியும் உண்டு. ஃபேக்டரி, கோயில், துறைமுகம் மாதிரி எடத்துக்கு அது நியாயமான செலவு, தோப்புக்கும் குடோனுக்கும் சிபி பிளஸ் மாதிரி பிராண்டோட மேல் ரக மாடல்ல சான்று உள்ளதே போதும். எதுவா இருந்தாலும் ரவுட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க, விபிஎன் (வெளிய இருந்து கேமராவைப் பாக்க பூட்டுப் போட்ட தனி வழி) போடுங்க.

பக்கத்து வீட்டு ஜன்னல், மாடி, பாத்ரூம் பக்கம் கேமரா திரும்ப முடியும்னா பிரைவசி மாஸ்க் (அந்த எடத்தை மட்டும் படத்துல மறைக்கற கட்டம்) போட்டே ஆகணும், நல்ல பிடிஇசட்ல நீங்க எவ்வளவு திருப்பினாலும் ஜூம் பண்ணாலும் மாஸ்க் அந்த எடத்தோடயே ஒட்டிக்கிட்டு வரும். அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, நீங்களே கூப்பிட்டு ஸ்கிரீன்ல காட்டிடுங்க.

கடைசியா பேமெண்ட், முழுசா குடுக்காதீங்க. ஒரு பகுதியைப் பிடிச்சு வச்சுட்டு ஒரு மழை நாளும் ஒரு காத்து நாளும் ஓடி முடிஞ்சதும் குடுங்க, குடுக்கும்போது அட்மின் பாஸ்வேர்டு, பில்லு, சீரியல் நம்பர், என்விஆர் பாஸ்வேர்டு எல்லாம் உங்க பேர்ல உங்க கையில இருக்கணும். மாட்டினவங்க ஃபோன்ல இருக்கற ஆப்ல இருந்து உங்க கேமராவை உங்க முன்னாடியே டெலீட் பண்ணச் சொல்லுங்க.