மூக்குத்தியோடு சிபாப் மாஸ்க் பழகுவது எப்படி: ஒரு தையல்காரியின் குறிப்புகள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் ஆப்னியா என்ற நோய்க்கு, ராத்திரி மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்துகிற மெஷின்தான் சிபாப். அதை நான் பழகின கதை இது. மன்னார்குடியில் முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு, ஓடுகிற மெஷினில் கை வைத்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உள்ளேயே முறிந்தது. டாக்டர் துண்டை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். "எட்டு மணி நேரம் தூங்குறேன் சார்" என்றேன்.

கூட வந்த மகள் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டாள். குறட்டைச் சத்தம். சட்டென்று நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன், இருபத்திரண்டு வரை. அப்புறம், தண்ணீரில் மூழ்கினவர் தலையைத் தூக்கி மூச்சு இழுப்பாரே, அப்படி ஒரு சத்தம். அது நான்தான்.

"எப்ப எடுத்தே இதை?"

"ஆறு மாசமாச்சும்மா. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு வச்சிருந்தேன்."

ஆம்பளை குறட்டை விட்டால் "உழைச்ச அசதி" என்பார்கள். பொம்பளை விட்டால் கேலி. அதனாலேயே சொந்தக்காரர் வீட்டில் ராத்தங்குவதை நான் நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஸ்லீப் ஆப்னியா வருகிற வாய்ப்பு கூடுகிறது, தைராய்டு குறைவும் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லித்தான் தெரியும். காலையில் எழுந்ததும் தலைவலி, ராத்திரி மூன்று தடவை பாத்ரூம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். எல்லாவற்றையும் "அந்த வயசு" என்று தள்ளிவிட்டிருந்தேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் வெட்கப்படாமல் போய்ச் சொல்லுங்கள். நெஞ்சு நோய் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ, யாரிடம் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கிற ஸ்லீப் ஸ்டடி என்பது ஒரு ராத்திரி வேலை. விரலில் கிளிப், மூக்கில் குழாய், நெஞ்சில் பெல்ட் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், வலி கிடையாது. மூச்சு பத்து விநாடியாவது நின்றாலோ, நன்றாகக் குறைந்து உடம்பை உலுக்கினாலோ அதை ஒரு தடவை என்று எண்ணுகிறார்கள். மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 38. தூக்கத்தில் தொண்டைத் தசை தொய்ந்து மூச்சுக்குழல் அடைத்துக்கொள்கிறது. சிபாப் மெஷின் மூக்கு வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி அந்த வழியைத் திறந்தே வைக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல, அறையில் இருக்கிற அதே காற்றுதான். 1980வாக்கில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், நோய் கடுமையாக இருந்தவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாக இருந்ததாம். அதைக் கேட்ட பிறகு மாஸ்க்கின் மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் தணிந்தது.

ரிப்போர்ட்டில் பிரஷர் 6 முதல் 12 என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி கிளம்ப உங்கள் வாய் எவ்வளவு அழுத்துகிறதோ அதுதான் 10. குழந்தைகள் விளையாட்டாகச் செய்வது. ஆனால் அந்த எண்ணை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அது டாக்டர் வேலை.

முதல் ராத்திரி நான் மெஷினோடு இருந்தது நாற்பது நிமிஷம். மூச்சை வெளியே விட முடியவில்லை, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. காற்று மேல்பக்கமாகக் கசிந்து கண்ணில் அடித்தது. கசிகிறதே என்று ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கினேன். இன்னும் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். காலையில் மூக்குத் தண்டில் ரத்தச் சிவப்பாகத் தடம். இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் காற்று வருவதைப் பார்த்து, அதுவும் கசிவு என்று நினைத்து செலோடேப் ஒட்டிவிட்டேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். நாம் வெளியே விடுகிற கெட்ட மூச்சு போவதற்காகவே வைத்த துளைகள் அவை. நல்லவேளை, வீட்டுக்காரர் பார்த்துப் பிய்த்து எறிந்தார்.

மூன்றாம் நாள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பையில் வைத்துவிட்டேன். வாடகை மெஷின்தான். அன்றைக்குக் கடைக்கு ஒரு பெண் வந்து, "அக்கா, அக்குள்ல பிடிக்குதுக்கா" என்று புது ரவிக்கையை நீட்டினாள். "முதல் தடவையே சரியா உட்காருமா? போட்டுக் காட்டு, பிரிச்சுத் தைச்சுத் தரேன்" என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை என்னையே வந்து தொட்டது. அடுத்த பஸ்ஸில் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய் டெக்னீஷியனிடம், "எனக்கு இது பிடிக்குது, அளவு மாத்திக் கொடுங்க" என்றேன்.

அளவு எப்படிப் பார்ப்பது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மாஸ்க் மூன்று வகை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. கடையில் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து முகமே வேறு அளவு ஆகிறது. படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, இடமும் வலமும் புரண்டு பார்க்க வேண்டும். ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிந்தால் உடனே இறுக்காதீர்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு அங்குலம் முன்னால் இழுத்து, சிலிக்கான் குஷன் காற்றில் உப்பியதும் மெல்ல முகத்தில் உட்கார வையுங்கள். துணியை நீவிவிட்டு உட்கார வைப்பது போலத்தான். என் கசிவில் முக்கால்வாசி இதிலேயே நின்றது. மீதி, அளவைப் பெரியதிலிருந்து நடுத்தரத்துக்கு மாற்றியதில் நின்றது.

மூக்குத்தி பற்றி எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. துவாரத்தில் பொருந்துகிற மாஸ்க் எனக்கு ஒத்துவரவில்லை, உள்ளே இருக்கிற திருகு உறுத்திப் புண்ணாக்கியது. மூக்கை மூடுகிற வகையில், எட்டுக்கல் பேசரியின் விளிம்பு குஷனைத் தூக்கிக்கொண்டு நின்றது. ராத்திரிக்கு மட்டும் தட்டையான ஒற்றைக்கல் போட்டுக்கொண்டேன். மாமியார், "மூக்குத்தியைக் கழட்டக் கூடாதும்மா" என்றார். "கழட்டல அத்தை, மாத்துறேன்" என்றேன்.

முகத்தில் மஞ்சள், எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய் பட்டால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவிவிடுங்கள். கொண்டை போட்டால் பின்ஸ்ட்ராப் ஏறி நகரும். தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு முன்னால் விட்டுக்கொள்ளுங்கள்.

பழகுவதைப் படுக்கையில் ஆரம்பிக்காதீர்கள். நான் பகலில் ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் ஸ்ட்ராப் இல்லாமல் மாஸ்க்கைக் கையால் பிடித்து, மெஷினை ஓடவிட்டு, பத்து நிமிஷம். அடுத்த இரண்டு நாள் ஸ்ட்ராப்போடு ஹெம்மிங் செய்தபடி அரை மணி. கை வேலையில் இருந்தால் மனசு மூக்கில் நிற்காது. அப்புறம் மத்தியானத் தூக்கம், அப்புறம்தான் ராத்திரி. மெஷினில் ராம்ப் என்று ஒன்று உண்டு, குறைந்த காற்றில் ஆரம்பித்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். மூச்சு விடும்போது காற்றைத் தணிக்கிற வசதியும் பல மெஷின்களில் உண்டு. இரண்டையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டால் வாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். முதலில் மூக்கடைப்பைச் சரிசெய்ய வேண்டும். மார்கழிப் பனியில் எனக்கு ஒரு பக்கம் அடைத்தே இருக்கும். உப்புநீர் ஸ்பிரேயும், காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் சூட்டை ஒரு படி கூட்டியதும் போதுமானதாக இருந்தது. அதற்கும் சரியாகாவிட்டால் தாடைப் பட்டையோ, வாயையும் மூடுகிற மாஸ்க்கோ டாக்டர் சொல்வார். தொட்டியில் தைலம், யூக்கலிப்டஸ் எதுவும் விடாதீர்கள். மெடிக்கலில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எங்கள் போர் தண்ணீரை நாலு நாள் ஊற்றியதற்கே அடியில் வெள்ளையாகப் படிந்தது.

மெஷினிலிருந்து மாஸ்க்குக்கு வருகிற டியூப்பில் தண்ணீர் கோத்து மூக்கில் சொட்டினால் அறை குளிர்ந்து டியூப் சில்லிட்டிருக்கிறது. பழைய பருத்திப் புடவையைக் குழல் மாதிரி தைத்து டியூப்புக்கு உறை போட்டேன், நின்றுவிட்டது. மெஷின் தலைமட்டத்துக்கு மேலே இருக்கக் கூடாது. பாயில் படுப்பவர்கள் பக்கத்தில் ஒரு மணைப்பலகை போட்டு வைக்கலாம், காற்று இழுக்கிற பக்கத்தைப் போர்வை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலைக்கு வெளியே மெஷின், வலை ஓரத்தின் அடியில் டியூப்.

தை, மாசியில் ஃபில்டரைக் கவனியுங்கள். எங்கள் தெரு முனையிலேயே வயல். அறுவடை மெஷின் இறங்கினால் வைக்கோல் தூசி வீடு முழுக்க. மாதம் ஒருமுறை மாற்றுகிற ஃபில்டர் அந்தச் சமயம் இரண்டே வாரத்தில் மண் நிறமாகிவிடும்.

கரண்ட் போனால் மூச்சு முட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்தபடிதானே இருக்கிறது. வாயையும் மூடுகிற வகையில், மெஷின் நின்றால் தானாகத் திறக்கிற வால்வு உண்டு. ஆனால் தூக்கம் கெடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கம் எத்தனையோ நாள் இருட்டில் கிடந்தோம். அதை மறக்காமல் இன்வெர்ட்டரில் தனிப் பிளக் போட்டுவிட்டேன். சுத்தமான சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தண்ணீர்ச் சூட்டை அணைத்துவிட்டால் மெஷின் இழுப்பது பொதுவாக ஒரு சீலிங் ஃபேனைவிடக் குறைவு.

கழுவுவது லேசான வேலை. தினமும் காலையில் குஷனை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள், தொட்டியைக் காலி செய்யுங்கள். வாரம் ஒருமுறை டியூப். டெட்டால், பிளீச்சிங், கொதிநீர் வேண்டாம். நிழலில் காயட்டும்.

ரொம்ப நாள் நான் விட்ட பிழை, மூன்று மணிக்குப் பாத்ரூம் போக எழுந்து, திரும்பி வந்து மாஸ்க் இல்லாமல் படுத்தது. கனவு வருகிற தூக்கம் விடியற்காலைப் பக்கம்தான் அதிகம், பலருக்கு மூச்சு நிற்பதும் அப்போதுதான் அதிகம் என்று டாக்டர் விளக்கினார். மாஸ்க்கைக் கழற்றவே வேண்டாம். டியூப்பை மட்டும் பிரித்துவிட்டுப் போய் வந்து மறுபடி மாட்டுங்கள். ஒன்றரை மாதத்தில் அந்த மூன்று மணி எழுச்சியே எனக்கு நின்றது. இப்போது திரையில் காலையில் காட்டுகிற ஏ.எச்.ஐ. 3, 4. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்திலேயே மெஷினோடு தங்குகிறேன், தொட்டியை மட்டும் பஸ் ஏறுமுன் காலி செய்துவிடுவேன்.

வயிறு உப்பி ஏப்பமாக வந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், ஒழுங்காகப் போட்டும் பகலில் கண் சொக்கினால் டாக்டரிடம் போங்கள். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைச் சொல்லி, மெஷினையும் எடுத்துப் போங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தக் கிளிப் உள்ள மாஸ்க் வாங்க வேண்டாம்.

கன்னத்தில் ஸ்ட்ராப் தடம் விழுகிறவர்களுக்கு: துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியில் நாலு அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம் வெட்டி, நீளவாட்டில் இரண்டாக மடித்து ஓரம் அடித்து, நீளப் பக்கத்தில் வெல்க்ரோ வையுங்கள். ஸ்ட்ராப்பைச் சுற்றி மூடினால் போதும். குஷனுக்கு அடியில் துணி வைக்காதீர்கள், கசியும். வெல்க்ரோவின் சொரசொரப்பு ஸ்ட்ராப் பக்கம் இருக்கட்டும், கன்னத்தின் பக்கம் வரக் கூடாது.