நீங்க எக்டோமார்ஃப்னு யார் சொன்னா? பாடி டைப் பாக்குறப்ப பண்ற தப்புங்க

கட்டைவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்ட சுத்தி வளைச்சுப் பிடிச்சுட்டு "விரல் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது, அப்போ நான் எக்டோமார்ஃப் (ஒல்லி உடம்பு வகை)"னு முடிவு பண்றவங்க ஜிம்முக்கு ரெண்டு பேராவது இருக்காங்க. விரல் நீளமா இருந்தாலும் ஏறத்தான் செய்யும் பாஸ்.

1940கள்ல ஷெல்டன்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஃபோட்டோவ பாத்தே உடம்பு வகைக்கு மார்க் போட்டாரு, உடம்ப வெச்சு குணத்தையும் சொல்லிடலாம்னாரு, அந்தக் குண சமாச்சாரம் எடுபடல. இப்போ ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்ல புழங்குறது 1967ல வந்த ஹீத்-கார்ட்டர் முறை. உயரம், எடை, நாலு இடத்துல தோல் மடிப்போட தடிமன், முழங்கை முழங்கால் எலும்பு அகலம், முறுக்கின கை, கெண்டைக்கால் சுத்தளவுன்னு மொத்தம் பத்து அளவு. ரிசல்ட்டும் ஒத்தப் பேரா வராது, 3-5-2 மாதிரி மூணு நம்பரா வரும்: கொழுப்பு (எண்டோ), தசை-எலும்பு (மீசோ), ஒல்லித்தனம் (எக்டோ). பெரிய நம்பர மட்டும் பிடிச்சுக்கிட்டு "நான் மீசோ"ன்னு சொல்லிட்டு மத்த ரெண்டையும் விட்டுடுறாங்க.

அதவிட மோசம் யூனிட் குழப்பம். கை சுத்தளவுல இருந்து தோல் மடிப்ப கழிக்கணும், ஆனா டேப் சென்டிமீட்டர்ல இருக்கும், மடிப்ப அளக்குற இடுக்கி மாதிரி கருவி காலிப்பர் மில்லிமீட்டர்ல இருக்கும். கை 32 செ.மீ., மடிப்பு 12 மி.மீ.ன்னா 30.8 வரணும், அவசரத்துல 32ல 12 போக 20ன்னு போட்டீங்கன்னா தசை மார்க்ல ரெண்டு பாயிண்ட் காலி!

காலிப்பர் பிடிக்கிறதுலயும் தப்பு வருது. வலது பக்கம்தான் எடுக்கணும், தோலயும் அடியில இருக்குற கொழுப்பையும் மட்டும் கிள்ளித் தூக்கணும், தசை மாட்டக்கூடாது. வெச்சு ரெண்டு செகண்ட்ல படிச்சிரணும், பேசிக்கிட்டே நின்னா மடிப்பு அமுங்கி நம்பர் இறங்கிடும்.

அப்புறம் "பொறவியிலயே இப்படித்தான்"னு ஒரு பேச்சு. 170 செ.மீ. ஆளு 64 கிலோ இருந்தா எக்டோ மார்க் சுமார் 2.5, அதே ஆளு 80 கிலோ ஆனா 0.6தான். ரெண்டு வருஷம் முன்ன எடுத்த நம்பர வெச்சுக்கிட்டு டயட் சார்ட் போட்டா எப்படி?

இன்னொண்ணு, வொர்க்கவுட் முடிச்ச கையோட டேப்ப சுத்தாதீங்க, பம்ப் ஆன, அதாவது ரத்தம் ஏறிப் புடைச்ச கை எல்லாரையும் மீசோமார்ஃப் ஆக்கிடும்.